வழித்துணை

பாதையைத் தேடுமுன் தோழனைத் தேடிக்கொள் என்பது அரபு மக்களிடையே வழங்கும் முதுமொழி. தமிழர் இக்கருத்தை வழித்துணை என்னும் ஒரே சொல்லில் அடக்கி வைத்தனர். நடந்தும் வண்டிலிற் சென்றும் பயணஞ் செய்த காலத்தில் துணையின்றிப் புறப்படுவது அறியாமை எனக் கருதப்பட்டது. கள்வர் பயமும் விலங்குப் பயமும் நோய்ப் பயமும் மனிதரை ஒன்று சேர்த்தன. இன்று வீதிகள் செப்பனிடப்பட்டுவிட்டன, ஊர்திகள் பெருகிவிட்டன, துணையின் தேவை குறைந்துவிட்டது போலத் தோன்றுகின்றது. அதிலும் மோட்டார் சைக்கிள் தனிமைக்கென்றே செய்யப்பட்ட ஊர்தி போலக் காட்சியளிப்பது. பேருந்தில் இருப்பவர் அயலில் இருப்பவரோடு உரையாடலாம். மோட்டார் சைக்கிளில் செல்பவருக்கோ இயந்திரத்தின் ஒலியும் காற்றின் இரைச்சலும் தலைக்கவசமும் செவியை அடைத்துவிடுகின்றன. பேசவும் கேட்கவும் இயலாத இவ்வூர்தியில் ஏறி மனிதர் கூட்டமாகப் பயணஞ் செய்வது ஏன்? கிழக்கிலங்கையின் கல்முனைக் கரையிலே இக்கேள்விக்குத் தக்க விடை கிடைக்கின்றது.

அம்பாறை மாவட்டம், மட்டக்களப்பு மாவட்டத்தின் தென்பகுதியைப் பிரித்து 1961 ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. அதன் கடலோரம் வடக்கே பெரியநீலாவணை தொடக்கம் தெற்கே பாணமையையும் கடந்து நீண்டு கிடக்கின்றது. கிழக்கே வங்காள விரிகுடா; மேற்கே வயல்வெளி. இடையிலுள்ள ஒடுங்கிய மணற்பரப்பில் மருதமுனை, பாண்டிருப்பு, கல்முனை, சாய்ந்தமருது, காரைதீவு, நிந்தவூர், ஒலுவில், பாலமுனை, அட்டாளைச்சேனை, அக்கரைப்பற்று என ஊர்கள் வரிசையாய் நிற்கின்றன. சில இடங்களில் ஓரூர் முடிந்து மற்றோரூர் தொடங்குவது புதியவருக்குப் புலப்படாது. தமிழ் பேசும் முஸ்லிம்களின் ஊர்களும் தமிழ் இந்துக்களின் ஊர்களும் மாறி மாறி வருதல் இக்கரையின் தனித்தன்மை. கைத்தறிச் சாரங்களுக்குப் பெயர்போன மருதமுனையை அடுத்திருப்பது பாண்டிருப்பு; சாய்ந்தமருதை அடுத்திருப்பது சுவாமி விபுலாநந்தர் 1892 ஆம் ஆண்டில் பிறந்த காரைதீவு. இவ்வூர்களையெல்லாம் ஒரு நூலிற் கோத்த மணிகள் போல் இணைப்பது ஏ 4 நெடுஞ்சாலை. கொழும்பிற் புறப்படும் அச்சாலை இரத்தினபுரி, வெல்லவாய, மொனராகலை, சியம்பலாண்டுவ வழியாகப் பொத்துவிலை அடைந்து, அங்கிருந்து கடலோரமாக வடக்கே திரும்பிக் கல்முனையையும் மட்டக்களப்பையும் சேர்கின்றது.

இக்கரை மக்களுக்குக் கூட்டுப் பயணம் புதிதன்று. 1626 ஆம் ஆண்டில் போர்த்துக்கேயரால் துரத்தப்பட்ட முஸ்லிம்களைக் கண்டியரசன் செனரத் மட்டக்களப்புப் பகுதியிற் குடியேற்றினான் என வரலாறு கூறும். கண்டி இராச்சியத்தின் மலைநாட்டுக்கும் கரைநாட்டுக்குமிடையே பொதிமாடுகளிற் பண்டமேற்றிச் செல்லும் கூட்டத்துக்குத் தவளம் என்பது பெயர். கரையிலிருந்து உப்பும் கருவாடும் துணியும் மேலே சென்றன. பாக்கு முதலிய பண்டங்கள் கீழே வந்தன. அத்தொழிலில் முஸ்லிம்கள் முன்னின்றனர். இதே கரையோரமாகவே கதிர்காமத்துக்குப் பாதயாத்திரை செல்லும் இந்து அடியார்களும் உகந்தை முருகன் கோயிலிற் தங்கிக் காடு கடந்து செல்கின்றனர். வணிகரும் அடியாரும் கூடியே சென்றனர்.

இதனினும் பழைமையான சான்று தமிழிலக்கியத்தில் உண்டு. பத்துப்பாட்டில் ஐந்து நூல்கள் ஆற்றுப்படை வகையைச் சார்ந்தவை. பரிசில் பெற்று மீளும் கலைஞன் ஒருவன் எதிர்வரும் கலைஞனுக்கு வழி கூறுவதே ஆற்றுப்படை. எங்கே வழி வழுக்கும், எங்கே விலங்கு திரியும், எவ்வூரில் எவர் உணவளிப்பர் என்றெல்லாம் அவன் எடுத்துரைப்பான். தான் கண்ட வழியைப் பிறருக்கு மறைக்காமற் கூறுவதைக் கடமையாகக் கொண்டது அம்மரபு. எதிரெதிரே வந்த இரு மோட்டார் சைக்கிள் குழுக்கள் லகுகலைக் காட்டருகே நின்று, முன்னே யானை நிற்கின்றது என்றும், பாலத்தடியில் மண் சரிந்துள்ளது என்றும் சொல்லிப் பிரியும்போது, அம்மரபே வேறு உருவில் தொடர்கின்றது.

மோட்டார் சைக்கிளின் வரலாறு நீண்டதன்று. ஜெர்மனியில் கொட்லீப் டைம்லர் 1885 ஆம் ஆண்டில் மரச்சட்டத்தில் பெற்றோல் இயந்திரத்தைப் பொருத்தி ஓட்டிக் காட்டினார். ஜப்பானின் ஹொண்டா நிறுவனம் 1958 ஆம் ஆண்டில் வெளியிட்ட சுப்பர் கப் என்னும் சிறிய ஊர்தி 2017 ஆம் ஆண்டுக்குள் 10 கோடியைத் தாண்டி உற்பத்தியாயிற்று. சென்னையில் றோயல் என்பீல்ட் ஊர்திகள் 1955 ஆம் ஆண்டு முதல் உருவாயின. செல்வரின் விளையாட்டுப் பொருளாகத் தொடங்கியது ஆசிய நாடுகளில் ஏழை எளியோரின் கைகாலாக மாறியது. கல்முனைக் கரையிலும் அவ்வாறே. வயலுக்குப் பசளை மூடையும் சந்தைக்கு மீன்பெட்டியும் பாடசாலைக்குப் பிள்ளைகளும் செல்வது மோட்டார் சைக்கிளிலேயே. ஸ்கூட்டரிற் பாடசாலை செல்லும் ஆசிரியைகளையும் இவ்வூர்களிற் காணலாம். நெடும்பயணத்துக்கென விலையுயர்ந்த ஊர்தி வைத்திருப்போர் சிலரே. கிழமை நாட்களில் உழைக்கும் அதே 100 அல்லது 150 கன சென்றிமீற்றர் இயந்திரமே விடுமுறையில் மலையேறுகின்றது. அதனைக் கழுவி எண்ணெயிட்டு நிறுத்தினால் அதுவே பயணத்துக்கான புத்தாடை.

போயா விடுமுறையும் இரு பெருநாட்களை அடுத்த நாட்களும் பயணத்துக்கு உகந்தவை. குறும்பயணம் வேண்டுவோர் தெற்கே ஏறக்குறைய 70 கிலோமீற்றர் சென்று பொத்துவிலையும் அறுகம்குடாவையும் காண்பர். அல்லது சம்மாந்துறை வழியாக மேற்கே சென்று இங்கினியாகலையில் சேனாநாயக்க சமுத்திரக் குளக்கட்டில் இளைப்பாறுவர். நெடும்பயணம் வேண்டுவோர் சியம்பலாண்டுவ, மொனராகலை, வெல்லவாய சென்று, இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து எல்ல மலைக்கு ஏறுவர். காலையில் உப்புக்காற்றில் வியர்த்தவர் மாலையில் மலைக்குளிரில் நடுங்குவர்.

முன்னிரவு ஆயத்தத்துக்குரியது. செயினின் இறுக்கம், இயந்திர எண்ணெயின் அளவு, பிரேக், டயரின் காற்று, விளக்கு ஆகியவை பார்க்கப்படும். கடலோர ஊர்திகளுக்கு உப்புக்காற்றும் மணலும் பெரும்பகை. செயினில் எண்ணெய் வற்றினால் மணல் சேர்ந்து பற்களை அரித்துவிடும். பிளக் ஒன்று, கிளட்ச் கம்பி ஒன்று, டியூப் ஒன்று, ஸ்பனர்கள், ஒட்டுப் போடும் பொருட்கள், மருந்துப் பெட்டி ஆகியவை குழுவினரிடையே பகிர்ந்தளிக்கப்படும். எல்லாவற்றையும் ஒருவரே சுமப்பதில்லை. ஒருவரிடமுள்ள பொருள் மற்றவருக்குத் தேவைப்படும் என்னும் இவ்வேற்பாட்டிலேயே தோழமை தொடங்கிவிடுகின்றது.

மூவர் பயணம் புறப்பட்டால் தம்முள் ஒருவரைத் தலைவராக்கிக் கொள்ள வேண்டும் என்பது நபிமொழி. அத்தலைவரை அமீர் என்பர். உலகெங்கும் மோட்டார் சைக்கிள் குழுக்கள் அனுபவத்தால் அறிந்து பின்பற்றும் விதியும் இதுவே. இங்கே தலைமை செல்வத்தாலோ பதவியாலோ அமைவதன்று. ஊரில் மேசைக்கு அப்பாலிருந்து உத்தரவிடும் அலுவலர், வீதியில் கராஜ் வைத்திருக்கும் இளைஞரின் சொற்கேட்டு நிற்பார். மூத்தவர் காக்கா எனவும் இளையவர் தம்பி எனவும் ஒத்தவர் மச்சான் எனவும் அழைக்கப்படுவர். பதவிப் பெயர்கள் தலைக்கவசத்துக்குள் மறைந்துவிடுகின்றன.

சுபஹுத் தொழுகை முடிந்து கிழக்கு வெளுக்கும் வேளையில் குழு புறப்படும். பத்து ஊர்திகள் ஒன்றாகச் செல்வதற்கு ஓர் ஒழுங்கு உண்டு. நேரான வீதியில் ஒருவர் ஓடுபாதையின் வலப்புறமாகவும் அடுத்தவர் சற்றுப் பின்னே இடப்புறமாகவும் செல்வர். மணிக்கு 60 கிலோமீற்றர் வேகத்தில் ஊர்தி ஒரு விநாடிக்கு ஏறக்குறைய 17 மீற்றர் கடந்துவிடுகின்றது. முன்னே ஆபத்தைக் கண்டு கை பிரேக்கை அழுத்துமுன்னரே அத்தூரம் போய்விடும். ஆதலால், தமக்கு நேர் முன்னே செல்பவருக்கும் தமக்குமிடையில் இரண்டு விநாடித் தூரமாவது, அதாவது 33 மீற்றரளவாவது, விடவேண்டும். வளைவிலும் ஒடுங்கிய பாலத்திலும் வரிசை ஒற்றையாகிவிடும். அருகருகே இணைந்து சென்று கதைப்பது அழகாகத் தோன்றலாம். குழி ஒன்று எதிர்ப்பட்டால் இருவரும் ஒதுங்க இடமின்றி விழுவர்.

பேச்சுக்குப் பதிலாகச் சைகைகள் உண்டு. வலக்கை வேகப்பிடியில் இருப்பதனால் இடக்கையே பேசும் கை. குழியையும் மணலையும் சுட்டிக் காட்டுதல், கையைத் தாழ்த்தி வேகங்குறைக்கச் சொல்லுதல், பெற்றோல் தொட்டியைத் தொட்டுக் காட்டுதல் எனச் சில குறிப்புகளே போதும். முன்னவர் காட்டிய குறிப்பைப் பின்னவர் தமக்குப் பின்னவருக்குக் காட்ட வேண்டும். செய்தி கைமாறிக் கைமாறிக் கடைசி ஊர்தியை அடையும்.

கூட்டுப் பயணத்தின் உயிர்நாடி அக்கடைசி ஊர்தியிலேயே இருக்கின்றது. வரிசையின் முன்னே செல்பவர் லொறி ஒன்றைக் கடந்து சிறிதளவு வேகங் கூட்டினால், அடுத்தவர் அவரைப் பிடிக்க மேலும் சிறிது கூட்டுவார். மூன்றாமவர் இன்னுஞ் சிறிது கூட்டுவார். இவ்வாறு வளர்ந்து, கடைசியில் வருபவர் தம் திறமைக்கு அப்பாற்பட்ட வேகத்தில் ஓட நேரிடும். ஆகவே, அனுபவம் குறைந்தவரைத் தலைவருக்கு அடுத்ததாக விடுவதும், தேர்ந்தவர் ஒருவரைக் கடைசியில் நிறுத்துவதும் மரபு. வலிமை குறைந்தவருக்கு இயைந்த வேகமே குழுவின் வேகம். கருவிப் பை பெரும்பாலும் கடைசியில் வருபவரிடம் இருக்கும். எவர் நின்றாலும் அவரும் நிற்பார். சந்தியில் திரும்பும்போது ஒவ்வொருவரும் பின்னவர் கண்ணிற் படும்வரை காத்திருக்க வேண்டும். கண்ணாடியில் பின்னவரைக் காணாவிட்டால் வேகங்குறைக்க வேண்டும். இவ்விரண்டு விதிகளையும் எல்லோரும் கடைப்பிடித்தால், தலைவர் பின்னே திரும்பிப் பாராமலே முழுக் குழுவும் ஒன்றாய் நிற்கும். ஒவ்வொருவரும் தமக்குப் பின்னே வரும் ஒருவருக்குப் பொறுப்பாளியாதல் என்பதே அதன் சூட்சுமம். பேச முடியாத ஊர்தி மனிதரை நெருங்கச் செய்வதும் இதனாலேயே. சொல்லால் அன்பு காட்ட வழியில்லாத இடத்தில் காத்திருத்தலே அன்பின் மொழியாகின்றது.

பழுது நேரும்போது இது மேலும் விளங்கும். கோமாரிக்கு அப்பால் ஆளரவமற்ற இடத்தில் கிளட்ச் கம்பி அறுந்தால் பத்துப் பேரின் பயணமும் நின்றுவிடும். வெயிலில் ஒருவர் கம்பியை மாற்ற, மற்றவர் நிழலுக்குப் படங்கு பிடிப்பார். இன்னொருவர் வீதியிற் செல்வோருக்கு எச்சரிக்கை காட்டுவார். ரெட் சைமன் என்னும் ஆங்கிலேய எழுத்தாளர் 1973 முதல் 1977 வரை நான்காண்டுகள் ட்ரையம்ப் மோட்டார் சைக்கிளில் 45 நாடுகளைச் சுற்றி வந்தவர். பயணத்துக்கு இடையூறென நினைப்பவையே உண்மையிற் பயணம் என்பது அவர் கண்டறிந்த கருத்து. பழுதின்றிச் சென்ற பயணத்தைச் சில மாதங்களில் மறந்துவிடும் நண்பர்கள், மழையில் டியூபுக்கு ஒட்டுப் போட்ட இரவை ஆண்டுகள் கடந்தும் சொல்லிச் சிரிப்பதைக் காணலாம்.

2022 ஆம் ஆண்டின் பெற்றோல் தட்டுப்பாடு இத்தோழமைக்கு வந்த பெருஞ் சோதனை. அவ்வாண்டில் இலங்கையில் கியூ.ஆர். முறை நடைமுறைக்கு வந்தபோது மோட்டார் சைக்கிளுக்கு வாரத்துக்கு 4 லீற்றரே முதலில் வழங்கப்பட்டது. லீற்றருக்கு 50 கிலோமீற்றர் ஓடும் சிறிய ஊர்திக்கு அது 200 கிலோமீற்றர். தொழிலுக்கும் மருத்துவமனைக்கும் அதற்குள்ளேயே ஓடவேண்டும். பொத்துவிலுக்குச் சென்று மீண்டாலே அதில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். ஆகையால் பயணங்கள் ஓய்ந்தன. 2023 செப்டெம்பரில் அம்முறை நீங்கிய பின்னர் மீண்டும் புறப்பட்டவர்கள், திறந்த வீதி எவ்வளவு அரிய செல்வம் என்பதை நன்கு உணர்ந்திருந்தனர்.

உணவும் தொழுகையும் பயணத்துக்கு இயல்பான தங்குமிடங்களைத் தருகின்றன. பயணிகள் நான்கு ரக்அத்துத் தொழுகையை இரண்டாகச் சுருக்கவும் லுஹரையும் அஸரையும் சேர்த்துத் தொழவும் மார்க்கம் சலுகை அளிக்கின்றது. வழியிலுள்ள பள்ளிவாசலில் வுழூச் செய்ய நீரும் இளைப்பாற நிழலும் கிடைக்கும். குழுவில் தமிழ் நண்பர் இருப்பின் அந்நேரத்தில் வாசலில் ஊர்திகளுக்குக் காவலிருப்பார். உகந்தையில் அவர் முருகனை வணங்கி மீளும்வரை முஸ்லிம் நண்பர் காத்திருப்பார். கிழக்கிலங்கை முஸ்லிம்களிடையே சஹன் என்னும் பெருந்தட்டத்தைச் சுற்றியிருந்து பலர் உண்ணும் வழக்கம் உண்டு. வீதியோரத்தில் வாழையிலையோ தாளோ விரித்து, கட்டி வந்த சோற்றைக் கொட்டிச் சுற்றியமரும்போது அதுவே சஹனாகிவிடுகின்றது. தன் பக்கத்து இறைச்சித் துண்டை அடுத்தவர் பக்கம் தள்ளிவிடும் விரல்களுக்கு உபசார மொழி வேண்டியதில்லை.

இப்பயணத்தில் ஆபத்துகளும் உள. மே மாதம் முதல் வீசும் கச்சான் காற்று வெட்டவெளியில் ஊர்தியைப் பக்கவாட்டில் தள்ளும். அறுவடைக் காலத்தில் வீதியோரத்தில் நெல் காயவிடப்பட்டிருக்கும். அதன்மேல் டயர் ஏறினால் வழுக்கும். லகுகலையிலும் பாணமை வீதியிலும் மாலையில் யானைகள் குறுக்கிடும். இரவில் மாடுகள் வீதியிற் படுத்திருக்கும். ஆதலால் பொழுது சாயுமுன் காட்டைக் கடந்துவிட வேண்டும். மாரியில் வெள்ளம் பாயும் வீதியைக் கடக்க முயலலாகாது. 2024 நவம்பரில் காரைதீவுக்கும் மாவடிப்பள்ளிக்கும் இடையில் வெள்ளம் பாய்ந்த வீதியில் மத்ரஸா மாணவர்களை ஏற்றிவந்த உழவு இயந்திரம் அள்ளுண்டு இளம் உயிர்கள் பலியானமை இக்கரை மக்கள் மறவாத துயரம். நீரின் ஆழத்தைக் கண்ணால் அளக்க இயலாது. திரும்பிச் செல்வோம் என்று முதலிற் சொல்லும் துணிவே அங்கு வேண்டப்படும் துணிவு.

தலைக்கவசம் பற்றியும் கூறவேண்டும். முறையாக அணிந்த தலைக்கவசம் விபத்தில் மரண அபாயத்தை நூற்றுக்கு 42 பங்கும் தலைக்காய அபாயத்தை நூற்றுக்கு 69 பங்கும் குறைக்கின்றது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட முடிவு. மலைக்குச் செல்லும்போது அதனைக் கவனமாக அணிபவர் கடைத்தெருவுக்குச் செல்லும்போது வீட்டில் மாட்டி வைப்பதுண்டு. தெரிந்த வீதி தீங்கு செய்யாது என்பது அவர் நம்பிக்கை. வீதிக்கோ தெரிந்தவர் தெரியாதவர் என்ற வேறுபாடில்லை. குழுவில் தலைக்கவசமின்றி வருபவரை அமீர் திருப்பி அனுப்புவார். அவ்விதி ஊருக்குள்ளும் ஆளவேண்டும். பின்னே வரும் தோழருக்குக் காட்டும் அக்கறையை வீட்டில் காத்திருக்கும் உம்மாவுக்கும் காட்ட வேண்டாமா?

இவ்வீதி மறக்கவியலாத நினைவுகளையும் சுமக்கின்றது. 1990 ஆம் ஆண்டிலும் அடுத்து வந்த ஆண்டுகளிலும் இவ்வழியே சென்ற பயணிகள் வழிமறிக்கப்பட்டு உயிரிழந்த செய்திகள் தமிழரிடத்தும் முஸ்லிம்களிடத்தும் ஆறாத வடுக்களாயின. அடுத்த ஊர் அயலூர் என்பது மாறி அச்சமூட்டும் எல்லையாகியது. 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் கடல் பொங்கியபோது இலங்கையிலேயே மிகுந்த உயிரிழப்பு இம்மாவட்டத்தில் நேர்ந்தது. பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அலை ஊர்களின் பெயரைக் கேட்கவில்லை. 2009 ஆம் ஆண்டில் போர் முடிந்த பின்னர் காவலரண்கள் படிப்படியாகக் குறைந்து வீதி திறந்தது. ஆயினும் வீதி திறந்தால் மனமும் உடன் திறந்துவிடும் என்பதற்கில்லை. ஒரே சாலையில் நாள்தோறும் ஓடியும் அடுத்த ஊரில் ஒருபோதும் இறங்காதவர் இன்றும் உண்டு.

மோட்டார் சைக்கிள் பயணி இறங்கியே ஆகவேண்டியவர். டயர் வெடித்தால் எதிர்ப்படும் முதற் கராஜே அவர் கராஜ்; மழை வந்தால் அருகிலுள்ள திண்ணையே அவர் வீடு. திருக்கோவிலின் தேநீர்க் கடையில் மருதமுனை இளைஞர் வெறுந் தேநீர் அருந்துகின்றார். நிந்தவூரில் காரைதீவு இளைஞரின் ஊர்திக்கு ஒட்டுப் போடப்படுகின்றது. சியம்பலாண்டுவவிற் சிங்களக் கடைக்காரர் மலைவழியின் நிலையை எடுத்துரைக்கின்றார். இவை சிறு செயல்கள். மாநாடுகளில் பேசப்படுபவை அல்ல. ஆயினும் அச்சம் குடியிருந்த இடத்தில் அறிமுகம் குடிபுகுவது இத்தகைய சிறு தரிப்புகளினாலேயே.

மாலையில் குழு மீளும்போது முதலில் வந்தவர் வீட்டுக்கு ஓடிவிடுவதில்லை. ஊரெல்லையில் ஊர்திகளை ஓரமாக நிறுத்தி எண்ணுவர். பத்தாவது விளக்கு வளைவில் தெரியும்வரை எவரும் அசைவதில்லை. அவ்வெண்ணிக்கை நிறைவெய்திய பின்னரே பயணம் முடிந்ததாகக் கொள்ளப்படும். பழைய தவள வணிகரும் பாதயாத்திரை அடியாரும் அறிந்திருந்த அறம் இதுவே. வேகத்தை இயந்திரம் தரும். வழித்துணையை மனிதரே தரவேண்டும்.